500 நியூட்டன் ஏன் 400 நியூட்டனைத் தூக்கவில்லை?

திருப்புத்திறன் பாடத்தை நடத்தும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் மூன்று: கதவு, ஏற்றப்பலகை, ஸ்பேனர். "விசையையும் செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் திருப்புத்திறன்" என்று கரும்பலகையில் எழுதுவோம். இரண்டு கணக்குகள் போடுவோம். மாணவர்களும் தவறில்லாமல் போட்டுவிடுவார்கள். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் நடத்தி வந்தேன். என் முன்னாள் மாணவர் ஒருவரிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புதான் அந்தப் பாடத்தில் நான் எதை நடத்தாமல் விட்டிருந்தேன் என்பதைக் காட்டியது.

அவர் இப்போது இங்கிலாந்தின் வடபகுதியில் செவிலியராகப் பணியாற்றுகிறார். உடன் பணிபுரியும் நண்பருடன் சேர்ந்து பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் கூரை மேலே எழும்பும் வகை. கூரையைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு கேஸ் ஸ்ட்ரட்டுகளும் பழுதாகி, இரவில் கூரை மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. புதிதாக வாங்கிப் பொருத்தினார். அதன் பிறகும் கூரை நிற்கவில்லை.

"டீச்சர், கூரையோட எடை 40 கிலோ. அப்ப 400 நியூட்டன். நான் 250 நியூட்டன் ஸ்ட்ரட் ரெண்டு போட்டேன். மொத்தம் 500. 500 நியூட்டன் ஏன் டீச்சர் 400 நியூட்டனைத் தூக்க மாட்டேங்குது?"

கிலோகிராமை நியூட்டனாக மாற்றியதில் தவறில்லை. கூட்டலிலும் தவறில்லை. ஆனாலும் கூரை விழுகிறது. எரிச்சலில் கடையில் கிடைத்ததிலேயே வலுவான 1200 நியூட்டன் ஸ்ட்ரட்டுகளை வாங்கி மாட்டியிருக்கிறார். இப்போது கூரை எழுந்துவிட்டது, ஆனால் மூட முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தொங்கி இழுத்ததில் ஸ்ட்ரட் பொருத்திய இடத்தில் ஃபைபர் கூரை விரிசல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னை அழைத்திருக்கிறார்.

பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். அந்த மதிப்பெண்ணைப் போட்டது நான்.

எழும் கூரை எதற்கு?

கேம்பர் வேன் என்பது படுக்கை, சிறு அடுப்பு, அலமாரி ஆகியவற்றுடன் வீடு போல அமைத்த வேன். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் தன் வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதில் வைத்துக்கொள்ளத்தக்க முகாம் சாமான்களைச் செய்து தரத் தொடங்கியது. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தின் ஃபோக்ஸ்டன் நகரில் உருவான டார்மொபைல் வேன்களின் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். இடையில் கோடு போட்ட துணி சுவராக விரியும்.

ஓடும்போது வேன் தாழ்வாக இருந்தால்தான் காற்றின் எதிர்ப்பு குறையும். உயரத் தடுப்பு உள்ள வாகன நிறுத்தங்களுக்குள்ளும் நுழைய முடியும். நின்ற இடத்தில் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும், மேலே படுக்கவும் வேண்டும். இரண்டு தேவைகளுக்குமான தீர்வுதான் எழும் கூரை. பின்பக்கம் கீல், முன்பக்கம் எழும், சுற்றிலும் துணிச்சுவர். நம் மாணவர் வாங்கிய வேனும் இந்த வகைதான்.

இந்தக் கூரையைத் தூக்கிப் பிடிப்பது கேஸ் ஸ்ட்ரட். நம் ஊரில் கார் டிக்கியைத் திறந்தால் இருபுறமும் தெரியும் கறுப்புக் குழாயும் பளபளப்பான தண்டும் அதுதான். எனவே இதை நம் மாணவர்கள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது.

முதல் அளவு: குளியலறைத் தராசு

எடையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்ட்ரட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. கூரை மேலே பறக்கப் போவதில்லை, கீலைச் சுற்றித் திரும்பப் போகிறது. அதனால் எடை கீலைப் பொறுத்து எவ்வளவு திருப்புத்திறனை உண்டாக்குகிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஸ்ட்ரட்டுகளைக் கழற்றிவிட்டு, கூரையை மூடிய நிலையிலிருந்து ஒரு விரற்கடை மட்டும் உயர்த்தி, முன்விளிம்பின் நடுவை ஒரு கட்டையால் தாங்கி, கட்டையின் அடியில் உடல் எடை பார்க்கும் தராசை வைக்க வேண்டும். அப்படியே செய்யச் சொன்னேன். தராசு 20 கிலோ காட்டியது.

"மீதி 20 கிலோ எங்க போச்சு டீச்சர்?"

மீதியைக் கீல் சுமக்கிறது. இந்தக் கேள்வி வகுப்பில் எழ வேண்டும் என்பதற்காகவே இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஒரு பரீட்சை அட்டையின் ஒரு விளிம்பை மேசை மேலும் எதிர் விளிம்பைச் சுருள்வில் தராசின் கொக்கியிலும் வைத்தால் போதும், தராசு பாதி எடையைத்தான் காட்டும்.

கூரையின் நீளம் 2.4 மீட்டர். g-யின் மதிப்பை எளிமைக்காக 10 என்று கொள்வோம். முன்விளிம்பில் 200 நியூட்டன், தொலைவு 2.4 மீட்டர், பெருக்கினால் 480 நியூட்டன் மீட்டர். வேறு வழியில் சரிபார்க்கலாம்: முழு எடை 400 நியூட்டன், ஈர்ப்பு மையம் நடுவில் 1.2 மீட்டரில், அதுவும் 480. தராசு முறையின் சிறப்பு, ஈர்ப்பு மையம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது. கூரையின் மேல் சூரியத் தகடு பொருத்தியிருந்தாலும் தராசு அதையும் சேர்த்தே காட்டிவிடும்.

கூரை 25 டிகிரி திறந்து நிற்கும்போது முன்விளிம்பு சுமார் ஒரு மீட்டர் உயர்ந்திருக்கும். அப்போது கீலிலிருந்து ஈர்ப்பு மையத்தின் கிடைமட்டத் தொலைவு 1.2 மீட்டரிலிருந்து 1.09 மீட்டராகக் குறைகிறது. எடையின் திருப்புத்திறன் 436 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட்டுகள் சமாளிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாம் அளவு: கண்ணுக்குத் தெரியாத தொலைவு

அடுத்து, ஸ்ட்ரட் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று கேட்டேன். கூரையில் உள்ள பிராக்கெட் கீலிலிருந்து 80 செ.மீ. தொலைவில் இருந்தது. வேனின் உடலில் உள்ள பிராக்கெட் கீலிலிருந்து 40 செ.மீ. முன்னும், 6 செ.மீ. கீழும் இருந்தது.

"அப்ப தொலைவு 0.8 மீட்டர்" என்றார் உடனே.

இங்கேதான் எனக்கு உறைத்தது. 'செங்குத்துத் தொலைவு' என்ற சொல்லை அவர் எத்தனையோ முறை எழுதியிருப்பார். ஆனால் நான் கொடுத்த எல்லாக் கணக்குகளிலும் விசை சட்டத்துக்குச் செங்குத்தாகவே இருந்தது. தொலைவும் வினாவிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொலைவைத் தாமே தேடி அளக்க வேண்டிய நிலை அவருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. 'செங்குத்து' என்பது அவருக்கு வரையறையை நிறைவு செய்யும் ஒரு சொல்லாக மட்டுமே இருந்திருக்கிறது.

ஸ்ட்ரட் சாய்வாக நின்று தள்ளுகிறது. அதன் விசை செல்லும் கோட்டை, அதாவது செயல்கோட்டை, இருபுறமும் நீட்டிப் பார்க்க வேண்டும். கீலிலிருந்து அந்தக் கோட்டுக்கு வரையும் செங்குத்தின் நீளமே நமக்கு வேண்டிய தொலைவு. அந்தச் செங்குத்து வேனில் எங்கும் ஒரு பொருளாக இல்லை. வரைந்தால்தான் தெரியும்.

வகுப்பறைச் செயல்பாடு

மறுநாள் இதே கணக்கைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டு சென்றேன். தேவையானவை வரைபடத் தாள், அளவுகோல், கோணமானி, மூலைமட்டம் மட்டுமே. அளவுத்திட்டம்: வேனில் 10 செ.மீ. என்பது தாளில் 1 செ.மீ.

1. தாளை அகலவாக்கில் வைத்து, இடப்பக்கம் நடுவில் கீலைக் குறிக்கும் புள்ளி க. அதிலிருந்து வலப்பக்கம் 24 செ.மீ. கிடைக்கோடு. இது மூடிய கூரை.

2. கோட்டின் மேல் க-விலிருந்து 8 செ.மீ. தொலைவில் புள்ளி ம. இது கூரைப் பிராக்கெட்.

3. க-விலிருந்து வலப்பக்கம் 4 செ.மீ., அங்கிருந்து கீழே 6 மி.மீ. சென்று புள்ளி ப. இது வேன் உடலின் பிராக்கெட். கூரை அசைந்தாலும் இது அசையாது.

4. ப, ம இரண்டையும் இணைத்து, கோட்டை ப-வுக்கு அப்பாலும் நீட்ட வேண்டும். க-விலிருந்து அந்தக் கோட்டுக்கு மூலைமட்டத்தால் செங்குத்து வரைந்து அளக்க வேண்டும். ஏறக்குறைய 1.2 செ.மீ. வரும்.

5. இப்போது க-விலிருந்து 25 டிகிரி சாய்வில் திறந்த கூரையை வரைந்து, அதன் மேல் மீண்டும் 8 செ.மீ. தொலைவில் ம-வைக் குறித்து, அதே அளவை எடுக்க வேண்டும். ஏறக்குறைய 3.5 செ.மீ. வரும்.

அதாவது, மூடிய நிலையில் 0.12 மீட்டர், திறந்த நிலையில் 0.35 மீட்டர். அதே ஸ்ட்ரட், அதே பிராக்கெட். ஆனால் திறக்கத் திறக்கத் தொலைவு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

என் வகுப்பில் பெரும்பாலோர் 4-ஆம் படியில் தடுமாறினார்கள். ஸ்ட்ரட் ப-வில் முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் கோட்டை ஏன் நீட்ட வேண்டும் என்பது அவர்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். வகுப்பறைக் கதவில் அதைத் தீர்த்துக்கொண்டோம். கதவின் வெளி விளிம்பைப் பிடித்து நேராகக் கீலை நோக்கித் தள்ளச் சொன்னேன். எவ்வளவு தள்ளியும் கதவு திரும்பவில்லை. கை கீலிலிருந்து வெகுதொலைவில்தான் இருந்தது, ஆனால் தள்ளும் கோடு கீலின் வழியாகவே சென்றது. செங்குத்துத் தொலைவு பூஜ்ஜியம். பிறகு தள்ளும் திசையைச் சற்றுச் சற்றாகத் திருப்பியபோது கதவு அசையத் தொடங்கியது. கை இருக்கும் இடத்தை விட, கை தள்ளும் கோடு எங்கே செல்கிறது என்பதுதான் முக்கியம் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

இனிக் கணக்கு தானாக நடந்துவிடும். திறந்த நிலையில் தேவைப்படும் மொத்த விசை = 436 ÷ 0.35 = சுமார் 1246 நியூட்டன். ஒரு ஸ்ட்ரட்டுக்கு 623 நியூட்டன். அவர் முதலில் போட்ட 250 நியூட்டன் ஸ்ட்ரட்டுகள் இரண்டும் சேர்ந்து தந்த திருப்புத்திறன் 500 × 0.35 = 175 மட்டுமே. 436-க்கு முன் 175 எப்படி நிற்கும்?

க-விலிருந்து ம வரை நேராக அளந்து 0.8 மீட்டர் என்று எடுத்த குழுவினருக்கு ஒரு ஸ்ட்ரட்டுக்கு 273 நியூட்டன் என்று விடை வந்தது. அந்தத் தாளையும் அழிக்காமல் கரும்பலகையில் ஒட்டி வைத்தேன். இங்கிலாந்தில் கூரை ஏன் விழுந்தது என்பதற்கு அந்தத் தாளும் சான்று.

வலு கூடினால் என்ன?

இரண்டாவதாக அவர் வாங்கிய 1200 நியூட்டன் ஸ்ட்ரட்டுகளைப் பார்ப்போம். மூடிய நிலையில் செங்குத்துத் தொலைவு 0.12 மீட்டர்தான் என்பதால், கூரை சாதுவாக மூடிக் கிடந்தது. சற்றே உயர்த்தியதும் தொலைவு கூடி, ஸ்ட்ரட்டின் கை ஓங்கி, கூரை கையை மீறித் துள்ளி எழுந்தது.

திறந்த நிலையில் 2400 × 0.35 = 840 நியூட்டன் மீட்டர். எடை தருவது 436. மிச்சம் 404. கூரையின் நடுவில் தொங்கும் வாரைப் பிடித்து நேர் கீழாக இழுத்தால் செங்குத்துத் தொலைவு 1.09 மீட்டர். மூடத் தொடங்க வேண்டிய இழுவிசை 404 ÷ 1.09 = சுமார் 370 நியூட்டன். 37 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை அது. வேனுக்குள் நின்று தலைக்கு மேல் கையை நீட்டி ஒருவர் தனியாக அப்படி இழுப்பது கடினம். இருவர் தொங்கியபோது, நடுவில் கீழ் நோக்கி இழுப்பு, இரு ஓரங்களில் மேல் நோக்கித் தள்ளல். இடையில் கூரை வளைந்து, பிராக்கெட்டைச் சுற்றி விரிசல் கண்டது.

முதல் முறை விசையை எடையோடு மட்டும் ஒப்பிட்டார். இரண்டாம் முறை எதனோடும் ஒப்பிடாமல் வாங்கினார். இரண்டு தவறுகளுக்கும் மருந்து அந்த ஒரு செங்குத்துக் கோடுதான்.

குழாய்க்குள் நடப்பது

'650N' என்று குழாயின் மேல் அச்சிட்டிருக்கிறார்களே, அந்த விசை எங்கிருந்து வருகிறது என்று மாணவர்கள் கேட்டார்கள். உள்ளே சுருள்வில் இல்லை. மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவும் சிறிது எண்ணெயும்தான் உள்ளன. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரைச் சேர்ந்த ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962-இல் இவற்றைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

நம்மில் பலர் இதை அடைத்த சிரிஞ்சு போல நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை சற்று வேறு. உள்ளே இருக்கும் பிஸ்டனில் சிறு துளை இருக்கிறது. வாயு அதன் வழியாக இரு பக்கமும் சென்று வருவதால் பிஸ்டனின் இருபுறமும் ஒரே அழுத்தம். அப்படியானால் தள்ளுவது எது? ஒரு பக்கத்தில் வாயு பிஸ்டனின் முழுப் பரப்பையும் அழுத்துகிறது. மறுபக்கத்தில் தண்டு இருக்கும் இடத்தில் வாயு இல்லை. அந்த வேறுபாடு, அதாவது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, வெளிநோக்கித் தள்ளும் விசையாகிறது.

எனவே விசை = அழுத்தம் × தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு. தண்டின் விட்டம் 10 மி.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர மி.மீ. 650 நியூட்டன் வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மி.மீ.-க்கும் சுமார் 8.3 நியூட்டன் அழுத்தம். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 82 மடங்கு! கார் டயரில் நாம் நிரப்பும் காற்று இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கூரையை மூடும்போது தண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்த தண்டின் கன அளவு மட்டுமே வாயுவின் இடத்தைக் குறைக்கிறது. அதனால்தான் முழுவதும் அழுத்தினாலும் விசை பல மடங்காவதில்லை. கால் பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக உயரும். பாயில் விதிக்கு இது அருமையான எடுத்துக்காட்டு. பிஸ்டனின் சிறு துளையும் எண்ணெயும்தான் கூரையைத் துள்ளவிடாமல் நிதானமாக நகர்த்துகின்றன.

ஒரு மாணவியின் கேள்வி

623 நியூட்டன் என்று விடை வந்ததும், "அப்போ 650 வாங்கச் சொல்லிவிடலாம்" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "அங்க குளிருமே டீச்சர். காத்து சுருங்காதா?"

நான் அதை யோசிக்கவே இல்லை.

கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஸ்ட்ரட்டில் குறிக்கும் விசை, தண்டு வெளியே நீண்ட நிலையில் 20 டிகிரி செல்சியஸில் அளந்தது. அதாவது 293 கெல்வின். வட இங்கிலாந்தின் குளிர்கால இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்டால் 273 கெல்வின். 650 × 273 ÷ 293 = 606 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 1212, திருப்புத்திறன் 424. தேவை 436. மாலையில் நின்ற கூரை விடியற்காலையில் இறங்கத் தொடங்கும்!

700 நியூட்டன் என்று வைத்துப் பார்த்தோம். பூஜ்ஜியம் டிகிரியில் 652 நியூட்டன். இரண்டுக்கும் சேர்த்துத் திருப்புத்திறன் சுமார் 456. நிற்கும். 20 டிகிரியில் 490, மிச்சம் 54. வாரை இழுக்க வேண்டியது 50 நியூட்டன், அதாவது 5 கிலோ எடை அளவுதான். மூடிய நிலையில் விசை கால் பங்கு கூடி இரண்டும் சேர்ந்து 1750 ஆனாலும், 0.12 மீட்டரால் பெருக்கினால் 210 மட்டுமே. எடையின் 480-க்கு அது ஈடாகாது. கூரை தானாக எழாது. திறக்கத் தொடங்கும்போது முன்விளிம்பில் 11 கிலோ அளவுக்குக் கை கொடுத்தால் போதும்.

எல்லாப் பக்கமும் சரிபார்த்த பிறகு 700 என்று எழுதி அனுப்பினோம். விடைத்தாளில் அந்த மாணவியின் பெயரும் இருந்தது.

பொருத்தும் முறை

இந்த வேலையில் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் இருப்பதால் வகுப்பில் 'ஏன்?' என்று கேட்க ஏற்றவை.

ஸ்ட்ரட்டைக் கழற்றும் முன் கூரையை வலுவான மரக்கட்டைகளால் தாங்க வேண்டும். ஒன்றைக் கழற்றிய நொடியில் தாங்கும் திருப்புத்திறன் பாதியாகிவிடும். இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது என்றால் கூரை முறுக்கிக்கொள்ளும்.

குழாய் மேலேயும் தண்டு கீழ் நோக்கியும் இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் எண்ணெய் கீழே வந்து தண்டைச் சுற்றிய அடைப்பானை ஈரமாக வைத்திருக்கும். அடைப்பான் உலர்ந்தால் வாயு கசியும். தண்டில் கீறலோ பெயிண்டோ படக்கூடாது என்பதும் இதனால்தான்.

கூரை முழுவதும் மூடும்போது ஸ்ட்ரட் தன் கடைசி எல்லைவரை சுருங்கிவிடக் கூடாது. சுருங்கினால் அது ஒரு கம்பியாகிவிடும். மூட அழுத்தும் விசையெல்லாம் பிராக்கெட்டைப் பிய்க்கும். ஃபைபர் கூரையில் பிராக்கெட்டை நேரடியாகத் திருகாமல், மறுபக்கம் அகலமான உலோகத் தகடு வைத்து இறுக்க வேண்டும். விசை அதுவேதான், பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். விரிசல் விட்ட இடத்தைச் சரிசெய்து அப்படித் தகடு வைத்துத்தான் நம் மாணவர் மீண்டும் பொருத்தினார்.

நமக்கான எச்சரிக்கை

கேம்பர் வேன் நம் பள்ளிக்கு வரப்போவதில்லை. ஆனால் பழைய காரின் டிக்கி ஸ்ட்ரட் காயலான் கடையில் கிடைக்கும். அறிவியல் கண்காட்சிக்கு ஆர்வத்தோடு அதைக் கொண்டு வரும் மாணவர் ஒருவராவது இருப்பார். பழுதானது, வலுவில்லாதது என்று தோன்றினாலும் உள்ளே அழுத்தம் மீதமிருக்கலாம். அதை அறுக்கவோ, துளையிடவோ, தட்டவோ, சூடாக்கவோ கூடாது. 82 மடங்கு என்ற கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுச் சொன்னால் மாணவர்கள் காரணத்தோடு ஏற்றுக்கொள்வார்கள். உள்ளமைப்பைப் படம் வரைந்து காட்டினாலே போதும். வாயு அழுத்தத்தைக் கையால் உணர, முனையை அடைத்த ஊசியில்லாத சிரிஞ்சு போதுமானது.

வினாவில் ஒரு மாற்றம்

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் வினாத்தாளில் ஒரு மாற்றம் செய்தேன். திருப்புத்திறன் கணக்குகளில் ஒன்றிலாவது தொலைவைக் கொடுப்பதில்லை. படத்தை மட்டும் கொடுக்கிறேன். விசையைச் சாய்வாக வரைகிறேன். அளவுகோலும் மூலைமட்டமும் எடுத்து மாணவர்களே தொலைவைக் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்தில் விடைகள் குறைந்தன. இப்போது பரவாயில்லை. மேல்நிலை வகுப்பில் சைன், கொசைன் வரும்போது, அந்தச் செங்குத்துக் கோடு அவர்களுக்குப் பழகிய கோடாக இருக்கும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் இதைத் தொடங்கி வைக்கலாம். கதவை விளிம்பில் தள்ளு, நடுவில் தள்ளு, கீல் அருகே தள்ளு என்று சொல்வதோடு நிறுத்தாமல், விளிம்பிலேயே நின்று வெவ்வேறு திசைகளில் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். சூத்திரம் வேண்டாம். எந்தத் திசையில் எளிது என்று கை அறிந்துகொண்டால் போதும்.

இரண்டு வாரம் கழித்து நம் மாணவர் ஒரு காணொலி அனுப்பினார். கூரை நிதானமாக எழுகிறது, நிற்கிறது. ஒரு கையால் வாரை இழுத்து மூடுகிறார். "குளிர்ல நிக்குதா?" என்று கேட்டு பதில் அனுப்பினேன். மறுநாள் அதிகாலை வேனின் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்க, கூரை நிமிர்ந்து நிற்கும் படம் வந்தது. அதை அந்த மாணவியிடம் காட்டினேன்.